பிக்கப் போன பத்மினியும் ஒற்றை சென்சார் வாதமும்

"மேப் சென்சார் ஒன்று இருந்தால் போதும் சார். த்ராட்டில் சென்சார் வீண் செலவு, தேய்ந்து போகிற பொருள்." பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு இன்ஜெக்‌ஷன் மாட்டித் தரும் ஒரு கடைக்காரர் என் தம்பி மகனிடம் சொன்னது இது. சொன்னபடியே அவனுடைய பிரீமியர் பத்மினியில் மாட்டியும் கொடுத்துவிட்டார். நிறுத்தி வைத்து ஓடவிட்டால் தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது. சிக்னலில் பச்சை விழுந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு முக்கு முக்குகிறது, சில சமயம் அணைந்தே போகிறது. மரப்பாலம் சந்திப்பில் பின்னால் பஸ் நிற்கும்போது வண்டி இப்படி அணைந்தால் என்ன கதி என்று வண்டி ஓட்டும் நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "பெரியப்பா, போகப் போகச் சரியாகிடும்னு சொன்னார்" என்கிறான் பையன். ஆகாது. ஏன் ஆகாது என்பதைத்தான் எழுதுகிறேன்.

இன்ஜெக்டர் தெளிக்கும் பெட்ரோல் அத்தனையும் நேரே சிலிண்டருக்குள் போய்விடுவதில்லை. ஒரு பங்கு இன்டேக் குழாயின் சுவரிலும் வால்வின் முதுகிலும் ஈரப் படலமாக ஒட்டிக்கொள்ளும். வண்டி ஐடிலில் நிற்கும்போது மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் 30, 40 கிலோபாஸ்கல்தான். வெளிக்காற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அந்தக் குறைந்த அழுத்தத்தில் பெட்ரோல் சுலபமாக ஆவியாகும், படலமும் மெல்லியதாக இருக்கும். சட்டென்று மிதித்தால் அழுத்தம் 100 கிலோபாஸ்கல் பக்கம் எகிறிவிடும். ஆவியாவது குறைந்து, சுவர் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறது. காற்று உள்ளே வந்துவிட்டது, பெட்ரோல் சுவரில் நிற்கிறது. அந்த முக்கல் இதுதான். அந்த ஒரு கணத்துக்குக் கொஞ்சம் அதிகப்படியாக ஊற்றியே ஆக வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பிரெஞ்சில் இதற்கு உதவும் உறுப்பின் பெயர் 'பொம்ப் த ரெப்ரீஸ்'. ரெப்ரீஸ் என்றால் நம் மெக்கானிக்குகள் சொல்லும் பிக்கப்பேதான். கூதார், மென்னெசோன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஆரம்பித்தது சோலெக்ஸ் கம்பெனி. பத்மினியின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் த்ராட்டிலோடு ஒரு சின்ன நெம்பு கோல் இணைந்திருக்கும். கால் அழுத்தியதும் அது பம்பைத் தள்ளி ஒரு பீச்சு பீச்சும். காற்று வரட்டும், அளந்து பார்ப்போம் என்று அது காத்திருக்காது.

மேப் சென்சார் காத்திருக்கிறது. அது அளப்பது மேனிஃபோல்டின் அழுத்தத்தை. அதாவது நடந்து முடிந்ததை. 800 சுற்று ஐடிலில் நான்கு சிலிண்டர் வண்டியில் ஏறக்குறைய 37 மில்லி விநாடிக்கு ஒரு உறிஞ்சல். ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் அழுத்தம் ஏறி இறங்குவதால் இ.சி.யூ. அதைச் சராசரி எடுத்துத்தான் நம்ப முடியும். அழுத்தம் எத்தனை வேகமாக ஏறுகிறது என்று தெரிய இரண்டு அளவாவது வேண்டும். அதற்குள் ஒன்றிரண்டு சிலிண்டர் பட்டினியாகப் போயிருக்கும். த்ராட்டில் சென்சாரோ கால் அசைந்த உடனே சொல்லிவிடும். தபால் வந்த பிறகு பதிவேட்டில் ஏற்றுவதற்கும், தபால் வருகிறது என்று முன்கூட்டியே தந்தி வருவதற்கும் உள்ள வித்தியாசம்.

உடனே சிலர் இங்கிலாந்தின் எஸ்.யூ. கார்புரேட்டரைக் காட்டுவார்கள்: அதில் பம்பே இல்லை, காற்றின் இழுப்பை வைத்துத்தானே ஓடியது என்று. உண்மைதான். ஆனால் அதன் பிஸ்டனுக்குள் எண்ணெய் டேம்பர் உண்டு. மிதித்ததும் பிஸ்டன் மெதுவாகவே எழும். இடுக்கில் காற்று வேகமெடுத்து அதே கணத்தில் பெட்ரோலை அதிகம் உறிஞ்சும். அங்கே அளப்பதும் ஊற்றுவதும் ஒரே செயல், நடுவில் கணக்குப் பார்க்கும் பெட்டி கிடையாது. அந்த உதாரணம் இங்கே செல்லாது.

கடைக்காரர் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சாதாரண த்ராட்டில் சென்சார் பழைய ரேடியோவின் வால்யூம் குமிழ் போன்றதுதான். ஐடில் இடத்தில் அதன் தடம் தேய்ந்தால் மின்னழுத்தம் துள்ளும். இல்லாத மிதியை இருப்பதாக எண்ணி இ.சி.யூ. பெட்ரோலைக் கொட்டும். இன்னொன்றும் உண்டு. 1500 சுற்றில் த்ராட்டில் பாதி திறந்திருந்தாலே மேனிஃபோல்டில் காற்று பெரும்பாலும் நிறைந்துவிடும். அதற்குமேல் மிதித்தால் புதிதாகக் காற்று அதிகம் வராது. காலை மட்டும் நம்புகிற கணக்கு அப்போதும் பெட்ரோலைக் கூட்டி, கரும்புகை விடும். அந்த இடத்தில் மேப் சென்சார் சொல்வதே சரி.

ஆகவே கால் சொல்வதை வைத்து ஆரம்பியுங்கள், அழுத்தம் சொல்வதை வைத்துத் திருத்துங்கள். அமெரிக்காவில் பௌலிங், கிரிப்போ இருவரும் உருவாக்கிய மெகாஸ்குவர்ட்டில் இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது என்று அமைக்கவே வசதி உண்டு. கலக்க முடிகிற பெட்டியை வாங்கி, ஒரு சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டு, சிக்கனம் என்று பேசுவது எனக்குப் பிடிபடவில்லை. தேய்மானம்தான் கவலை என்றால் உரசாமல் காந்தத்தால் அளக்கும் ஹால் வகை சென்சார் கிடைக்கிறது. விலை கூடுதல்தான். நடுரோட்டில் வண்டி அணைவதற்கு அது எவ்வளவோ மேல்.

வண்டியைக் கொடுக்கும் முன் கடையில் இரண்டு விஷயம் கேளுங்கள். மேப் சென்சாரின் குழாய் எங்கிருந்து வருகிறது? எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான இடத்திலிருந்து, குட்டையாக வர வேண்டும். ஒரே சிலிண்டரின் கிளையிலிருந்து நீளமாக இழுத்திருந்தால் அளவு தாமதமாகவும் தாறுமாறாகவும் வரும். அடுத்து, இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு, பெடலை மெதுவாக மிதிக்கச் சொல்லி லேப்டாப் திரையைப் பாருங்கள். பூஜ்யத்திலிருந்து நூறு வரை எண் துள்ளாமல் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பணம் கொடுக்காதீர்கள். அப்படியொரு எண்ணே திரையில் இல்லை என்றால் வண்டியை இறக்கவே வேண்டாம்.