ஏழே பிள்ளைகள் என்றாலும் தமிழ் வகுப்பு வேண்டும்

டிராகன் ஆண்டு பிறந்தால் தொட்டில் நிறையும் என்பது சிங்கப்பூரில் இனிச் செல்லாத கணக்கு. 1988 டிராகன் ஆண்டில் இங்கே ஏறத்தாழ 53,000 குழந்தைகள் பிறந்தன. 2012இல் 42,000ஐச் சற்றே தாண்டியது. 2024இல் 34,000ஐக்கூட எட்டவில்லை. மொத்தக் கருவள விகிதம் 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் 0.97. இந்தியர்களின் விகிதமும் ஒன்றை ஒட்டியே நிற்கிறது. 2024இல் பிறந்தவர்கள் 2031 ஜனவரியில் தொடக்கநிலை 1க்கு வருவார்கள். தோராயமாக எத்தனை பேர் என்பதைக் கல்வி அமைச்சு இன்றே கணக்கிட்டுவிட முடியும்.

பிறப்பு குறைவதன் விளைவுகளை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2019இல் 28 பள்ளிகள் இணைக்கப்படும் என்று 2017இல் அறிவிப்பு வந்தது. 14 தொடக்கப்பள்ளிகள், 6 உயர்நிலைப் பள்ளிகள், 8 தொடக்கக் கல்லூரிகள். மேற்கில் ஜூரோங், பயனியர் தொடக்கக் கல்லூரிகள் ஒன்றாயின. மறுபக்கம், இளம் குடும்பங்கள் குடியேறும் தெங்காவுக்குப் பார்க்கர் ரோட்டிலிருந்து ஆங்கிலோ-சீனத் தொடக்கப்பள்ளி 2030இல் இடம்பெயர்கிறது. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் பள்ளி போகிறது. இதில் குறை காண ஒன்றுமில்லை.

குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. பிறப்பு குறைந்தால் ஆங்கில, கணித வகுப்புகள் அதே விகிதத்தில் குறையும். ஐந்து வகுப்பு நான்காகும். தமிழ் வகுப்பு அப்படிக் குறைவதில்லை. அது ஒருநாள் அட்டவணையிலிருந்தே காணாமல் போய்விடும்.

கிளமெண்டியை எடுத்துக்கொள்வோம். 1970களின் நடுவில், நாட்டின் கருவள விகிதம் ஈடுகட்டும் அளவான 2.1க்குக் கீழே இறங்கிய அதே ஆண்டுகளில் எழுந்த வீவக நகரம் இது. இன்று 448ஆம் புளோக் சந்தையில் காலை வேளையில் காய்கறி வாங்க நிற்கும் கூட்டத்தில் நரைத்த தலைகள்தாம் அதிகம். காசா கிளமெண்டி, டிரிவெலிஸ் போன்ற புதுக் குடியிருப்புகள் வந்ததால் இளம் தம்பதியரும் வந்தார்கள். அவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. பிள்ளைக்கு ஆறு வயது நெருங்கும்போது அவர்கள் பார்க்கும் பட்டியல் மற்றவர்களுடையதைவிடச் சிறியது. வட்டாரத்தில் பெயர்பெற்ற நான் ஹுவா தொடக்கப்பள்ளியும் நான் ஹுவா உயர்நிலைப் பள்ளியும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். அங்கே தாய்மொழிப் பாடமென்றால் சீனம்தான். மற்றப் பெற்றோர் ஒரு கிலோமீட்டருக்குள் எந்தப் பள்ளி, குலுக்கல் வருமா என்று பார்ப்பார்கள். தமிழ்ப் பெற்றோருக்கு அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: அந்தப் பள்ளியில் தமிழ் இருக்கிறதா?

கணக்குக்காக ஒரு பள்ளியைக் கற்பனை செய்வோம். தொடக்கநிலை 1இல் 150 பேர், தமிழ் எடுப்பவர் ஒன்பது பேர். சேர்க்கை 120 ஆகிறது. தமிழ்ப் பிள்ளைகள் ஏழு பேர். தொடக்கநிலை 5க்கு வரும்போது அந்த ஏழில் இருவர் உயர்தமிழ், இருவர் அடிப்படைத் தமிழ், மூவர் வழக்கமான தமிழ். உயர்நிலைக்குப் போனால், 2024 முதல் முழுமையாக நடப்புக்கு வந்த பாட அடிப்படையிலான வகைப்படுத்தலில் ஜி1, ஜி2, ஜி3 என்று மறுபடியும் பிரிவார்கள். மூன்று பேருக்கு ஓர் ஆசிரியரா என்று எந்த முதல்வரும் யோசிப்பார். யோசித்துவிட்டு, அருகிலுள்ள பள்ளியோடு சேர்த்து மாலையில் படிக்கச் சொல்வார். அங்கும் இடம் அமையாவிட்டால் பீட்டி ரோட்டிலுள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம். கிளமெண்டியில் ரயிலேறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, ஃபேரர் பார்க்கில் இறங்க வேண்டும், 12 நிலையங்கள். நண்பர்கள் இணைப்பாட நடவடிக்கைக்குப் போகும் நேரத்தில் இந்தப் பிள்ளை புத்தகப் பையோடு ரயிலில் நிற்கும். இப்படிக் கற்கும் மொழிமேல் பதின்மூன்று வயதில் என்ன பாசம் வந்துவிடும்?

தமிழர்கள் ஏன் இப்படிச் சிதறியிருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் 1989ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை வீவக புளோக்குகளில் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு வைத்தது. இந்தியர்களுக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இன்று ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, ஒரு வட்டாரத்தில் 12. நல்ல நோக்கத்தோடு வந்த கொள்கை. இந்தப் பத்திக்கு அதோடு சண்டை இல்லை. ஆனால் அதன் பலன் என்ன? எந்த வட்டாரத்திலும் தமிழ்ப் பிள்ளைகள் திரளாக இருக்க வழியில்லை. பரவி வாழும்படி அமைத்த அரசுக்கு, பரவிய இடங்களிலெல்லாம் தமிழ் கற்பிக்கும் பொறுப்பும் உண்டு. எண்ணிக்கை போதவில்லை என்று பள்ளி சொல்லும்போது, அந்த எண்ணிக்கை தானாக அப்படி அமைந்துவிடவில்லை என்பது நினைவிருக்கட்டும்.

இந்தியர் எண்ணிக்கை குறையவில்லையே என்று ஒரு சமாதானம் சொல்லப்படலாம். இந்தியர் எல்லாரும் தமிழ் படிப்பதில்லை. இந்தி, வங்காளம், பஞ்சாபி, குஜராத்தி, உருது எடுப்பவர்களும் அந்தக் கணக்கில் அடங்குவர். வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் மக்கள்தொகையில் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. வீட்டில் தமிழ் ஒலிக்காத பிள்ளைக்குத் தமிழ் காதில் விழும் ஒரே இடம் பள்ளி என்றாகி வருகிறது.

வலுவான எதிர்வாதமும் உண்டு. ஏழு பேர் வகுப்பில் என்ன கலகலப்பு இருக்கும்? பேச ஆள் வேண்டாமா? தமிழாசிரியர் எங்கே கிடைப்பார்? முதல் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் பள்ளி இணைப்பையே எதிர்க்க வேண்டியதில்லை என்கிறோம். ஒரு பள்ளியில் ஐவர், அடுத்ததில் அறுவர் என்றால், இரண்டும் இணையும்போது பதினொருவர் கொண்ட உயிருள்ள வகுப்பு கிடைக்கும். எந்தப் பள்ளியை எதோடு இணைப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் தமிழ் மாணவர் எண்ணிக்கையும் இருந்தால், இணைப்பு தமிழுக்கு லாபம்.

ஆசிரியர் விஷயத்தில் அமைச்சு சொல்லும் நியாயத்தையே எடுத்துக்கொள்வோம். தொடக்கப்பள்ளிகளில் இன்று சுமார் 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர், உயர்நிலையில் சுமார் 12க்கு ஒருவர். பிறகு ஏன் வகுப்பில் 30, 40 பேர் என்று கேட்டால், எல்லா வகுப்பையும் சிறிதாக்குவதைவிடத் தேவைப்படுவோருக்கு ஆசிரியர்களைக் கூடுதலாக ஒதுக்குவதே மேல் என்பது அமைச்சின் பதில். சரி, தேவைப்படுவோர் பட்டியலில் இந்த ஏழு பிள்ளைகளையும் சேர்க்கட்டும். தமிழ் இலக்கியத்தில் பட்டம் தரும் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் கிளமெண்டி ரோட்டில்தான் இருக்கிறது. பட்டதாரிகளை வகுப்பறைக்கு ஈர்ப்பது சம்பளத்தையும் பதவி உயர்வையும் பொறுத்தது. ஒரே ஆசிரியர் இரண்டு பள்ளிகளுக்குப் போய்வர நேர்ந்தால், அந்தப் போக்குவரத்து நேரமும் வேலை நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும். அலைவது பெரியவர்களாக இருக்கட்டும்; பதின்மூன்று வயதுப் பிள்ளை வேண்டாம். திரைவழிப் பாடம் மேல்வகுப்புகளுக்குக் கைகொடுக்கலாம். அகரம் எழுதப் பழகும் தொடக்கநிலை 1க்கு அது உதவாது.

1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி, நாட்டின் கடைசித் தமிழ்வழிப் பள்ளியாக 1982இல் மூடப்பட்டது. பெற்றோர் ஆங்கிலவழிக்கு மாறினார்கள், சேர்க்கை வற்றியது, கதை முடிந்தது. அன்று கையில் மாற்று ஒன்று இருந்தது: ஆங்கிலவழியில் படித்தாலும் தமிழை ஒரு பாடமாகக் கற்கலாம் என்ற உறுதி. இன்று ஆட்டம் காண்பது அந்த மாற்றுதான்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. தமிழ் எடுக்கும் மாணவர் எண்ணிக்கையை வட்டாரவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தொடக்கப்பள்ளியில் தமிழ் வகுப்புக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை என்ற தடையே கூடாது. ஒரு பிள்ளை சேர்ந்தாலும் பள்ளி நேரத்துக்குள் கற்பிக்க ஏற்பாடு வேண்டும். அடுத்த இணைப்பு அறிவிப்பில், இணையும் பள்ளிகளின் பெயர்களோடு அங்கே தமிழ் எத்தனை பேருக்கு, யாரால், எந்த நேரத்தில் கற்பிக்கப்படும் என்பதும் அச்சாக வேண்டும். 2031இல் சேரும் பிள்ளைகளுக்கான பதிவு 2030ஆம் ஆண்டின் நடுவிலேயே தொடங்கிவிடும். கிளமெண்டித் தமிழ்ப் பெற்றோருக்கு அதற்கு முன்பே பதில் தெரிந்தாக வேண்டும்.