எந்த வருடத்து வண்டி?

பென்ஷன் வாங்கும் வயதில் பழைய கார் தேடும் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எந்தக் கம்பெனி சார் நல்லது?" கம்பெனியைப் பிறகு பார்க்கலாம், எந்த வருடத்து வண்டி என்று முதலில் கேளுங்கள் என்பேன். நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். திராட்சை மது தயாரான ஆண்டுக்கும் காரின் மாடல் ஆண்டுக்கும் பிரெஞ்சில் ஒரே சொல்தான்: மில்லெஸிம். ஒரே தோட்டத்து மது வருடத்துக்கு வருடம் மாறும். ஒரே பெயருள்ள காரும் அப்படித்தான்.

நம் பக்கம் தெருவுக்குத் தெரு நிற்கும் டிசையரையே எடுத்துக்கொள்வோம். 2008-இல் வந்த வண்டி 2012, 2017, 2024 என்று மூன்று முறை அடியோடு மாறியது. 2017 மே மாதம் வந்த மாடலில்தான் ஏபிஎஸ் பிரேக்கும் முன்பக்கம் இரண்டு ஏர்பேக்கும் எல்லா வேரியண்டிலும் வந்தன.

புது மாடலின் முதல் வருட வண்டியைத் தவிர்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். கம்பெனி தன் குறைகளைக் கண்டுபிடித்துத் திருத்த ஓரிரு வருடம் ஆகும். மூன்றாம் வருடத்துக்குள் நம் தெருமுனை மெக்கானிக்குக்கும் அந்த வண்டி பழகிவிடும். அந்தக் கணக்கில் 2019, 2020 டிசையர் சரியாக வருகிறது. 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் மற்ற கம்பெனி வண்டிகளுக்கும் அதையே எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளலாம்.

"நன்றாகப் பராமரித்த 2012 வண்டி பாதி விலைக்கு வருகிறதே" என்பவர்கள் உண்டு. பதிவு 15 வருடத்துக்குத்தான். 2027-இல் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்த அலைச்சலையும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

ஆர்.சி.யில் இரண்டு தேதிகள் இருக்கும்: தயாரித்த மாதம், பதிவு செய்த நாள். 2018 டிசம்பரில் தயாரான வண்டியை 2019-இல் பதிவு செய்திருப்பார்கள். விற்பவர் "2019 மாடல்" என்பார். தயாரித்த மாதத்தைப் பார்த்தே விலை பேசுங்கள்.

நம் ஊருக்கென்று இன்னொரு கேள்வியும் உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்த வண்டி எங்கே நின்றது? கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி பக்கம் தண்ணீர் நின்றது நமக்குத் தெரியும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா பாருங்கள். தரை விரிப்பை முகர்ந்து பார்க்கவும் கூச்சப்பட வேண்டாம். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் கேளுங்கள். தர மறுத்தால் அந்த வண்டி வேண்டாம்.

இதெல்லாம் கிராஜுவிட்டிப் பணம். போனால் திரும்பச் சம்பாதிக்க நமக்கு சர்வீஸ் மிச்சமில்லை. டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.சி.யை ஒரு தடவை நிதானமாகப் படித்துவிடுங்கள்.