உத்திப் பட்டியலும் ஓர் அரசமரமும்

கதைப்பொருள், கதைப்பின்னல், பாத்திர வார்ப்பு, நோக்குநிலை, உத்தி எனத் தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு உதாரணங்களை நிரப்பிவிட்டாற் சிறுகதையைக் கற்றாயிற்று என்னும் எண்ணம் தமிழ்த்துறை மாணவரிடையே வேரூன்றியுள்ளது. பரீட்சையில் இப்பட்டியலுக்குப் புள்ளிகள் கிடைக்கலாம். கதையை வாசிக்கும் ஆற்றல் கிடைக்கிறதா என்பதே வினா.

இப்பட்டியற் கல்விக்குப் பெரிதும் பலியான படைப்பு, 1915இல் வெளிவந்த வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’. கதையைக் கூறுவது மரம். ‘அஃறிணைப் பொருள் கதை கூறும் உத்தி’ என எழுதியதும் மாணவனின் பணி முடிந்துவிடுகிறது. (இதுவே தமிழின் முதற் சிறுகதையா என்னும் வழக்கிற் செலவான மையில் ஒரு துளியேனும் கதைக்குள் சென்றிருக்கலாம்.) ஆனால், ஏன் மரம்?

1906இல் சென்னையில் முறிந்த அர்பத்நட் கம்பனியின் வீழ்ச்சியால் ருக்மிணியின் தந்தை வறியவராகிறார். உடனே புகுந்த வீட்டார் மகனுக்கு வேறு பெண் தேடுகின்றனர். கணவன் நாகராஜன் இசைந்தவன்போல நடிக்கிறான். இறுதி வேளையில் மறுத்துப் பெற்றோருக்குப் பாடம் புகட்டுவது அவன் எண்ணம். அதனை நண்பனிடம் கூறுகிறான், மனைவியிடம் மறைக்கிறான். அவள் குளத்தில் மூழ்கி மடிகிறாள்.

நாகராஜனின் உள்ளத்தையும் ருக்மிணியின் துயரையும் ஒருங்கே அறிந்தது மரமே. ஒரு சொல் அவளை மீட்டிருக்கும். அச்சொல்லைக் கூற மரத்தால் இயலாது. அது வாசகருடன் பேசத் தொடங்கும்போது அவள் உயிருடன் இல்லை. நாகராஜன் கூறியிருப்பின் இது ஒரு கழிவிரக்கக் கதையாகச் சுருங்கியிருக்கும். ருக்மிணி கூறியிருப்பின் அவனது நடிப்பு வெளிப்பட வழியே இராது. ஆகவே இங்கு உத்தி என்பது கதைமேற் பூசிய சாயமன்று. கொடுமையை எங்கு நின்று காண்பது என்னும் தீர்மானமே அது.

தாகூரின் ‘காட்டேர் கதா’ (1884) என்னும் கதையைக் கங்கைப் படித்துறை கூறுகிறது. அதிலும் ஒரு பெண் நீரில் மறைகிறாள். ஐயர் தாகூருக்குக் கடன்பட்டவர் என்பர். பட்டியலின்படி இரண்டும் ஒன்றே. ஆயினும் தாகூரின் குசும் துறவியொருவர்மேற் கொண்ட காதலால் அழிகிறாள். ருக்மிணியின் மரணத்துக்குப் பின்னாலோ பணமும் மாமியாரின் கணக்கும் நிற்கின்றன. கடன் வாங்கிய உத்தி வேறொரு சமுதாய உண்மையைக் கூறிற்று என்பதைக் காணப் பட்டியலுக்குக் கண் இல்லை.

உத்தியை ஆராய்வது கலைவாதிகளின் பொழுதுபோக்கு, உள்ளடக்கமே போதும் என்போர் மறுபுறம் உளர். 1960களின் ஈழத்து விவாதங்கள் விட்டுச்சென்ற பழக்கம் இது. அவர்கள் இக்கதையின் முடிவை மீண்டும் படிக்கட்டும். பெண்களின் மனத்தை நோகச் செய்யாதீர் என மரம் அறிவுரை கூறத் தொடங்குகிறது. உள்ளடக்கம் அங்கேதான் மிக வெளிப்படையாக உள்ளது. கதை தளர்வதும் அங்கேயே. மரம் மறைந்து ஐயர் மேடையேறிவிடுகிறார்.

‘இக்கதையிற் காணப்படும் உத்திகளை விளக்குக’ என்பதற்குப் பதிலாக, ‘இக்கதையை நாகராஜன் கூறியிருப்பின் எவ்வெவற்றை இழந்திருப்போம்?’ என ஒருமுறை வினாத்தாளிற் கேட்டுப் பார்க்கட்டும். எந்த வழிகாட்டி நூலிலும் அதற்கு ஆயத்த விடை கிடையாது.