கடை உங்களுடையது, கடிதப் பெட்டி யாருடையது?

உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒருவர் ஸ்மார்ட் போன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நெல் அரவை மில் வைத்திருப்பவர். வயது ஐம்பதைத் தாண்டியவர்.

போன் கடைப் பையன் பெட்டியைப் பிரிக்கிறான். சிம் கார்டைப் போடுகிறான். திரையில் ஏதோ கேள்வி வருகிறது. பையன் விறுவிறு என்று தட்டுகிறான். "அவ்வளவுதாங்க ஐயா, எடுத்துக்குங்க" என்று கையில் கொடுக்கிறான்.

அந்தச் சிறிது நேரத்தில் மில்காரருக்குப் புதிதாக ஒரு விலாசம் பிறந்துவிட்டது. அதுதான் இ-மெயில் விலாசம். ஆண்ட்ராய்டு போனில் புதிய செயலி ஏதாவது எடுக்க வேண்டுமானால் கூகுள் கணக்கு வேண்டும். கணக்கு என்றால் விலாசம் வேண்டும். விலாசம் என்றால் பாஸ்வேர்டு வேண்டும். பையன் வாயில் வந்த பெயரையும் எண்ணையும் சேர்த்து அடித்துவிட்டான். பாஸ்வேர்டு என்ன? அவனுக்குத்தான் தெரியும். நாலு நாளில் அவனும் மறந்துவிடுவான்!

பேரப்பிள்ளைகள் படம் பார்ப்பதற்கு மட்டும் என்றால் இதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் மில் நடத்துகிறவருக்கு இ-மெயில் என்பது விளையாட்டுச் சாமான் அல்ல.

நோட்டீஸ் எங்கே வரும்?

1-7-2017 முதல் நாட்டில் ஜி.எஸ்.டி. வரி நடைமுறைக்கு வந்தது. அதில் பதிவு செய்ய ஒரு செல்போன் எண்ணும் ஒரு இ-மெயில் விலாசமும் கட்டாயம் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஓ.டி.பி. வரும். அதைச் சொன்னால்தான் பதிவு நடக்கும்.

அத்தோடு முடியவில்லை. அந்தச் சட்டத்தின் 169-வது பிரிவு, வரி அதிகாரியின் நோட்டீசை இ-மெயில் மூலமும் அனுப்பலாம் என்று சொல்கிறது. தபால்காரர் சைக்கிளில் வந்து கையெழுத்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பதிவில் உள்ள விலாசத்துக்குக் கடிதம் போய்விட்டால், அது உங்களுக்கு வந்து சேர்ந்த மாதிரிதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பல ஊர்களில் பதிவு செய்து கொடுப்பது யார்? கம்ப்யூட்டர் சென்டர்காரர் அல்லது கணக்கு எழுதுகிறவர். "உங்க இ-மெயில் என்னங்க?" என்று கேட்கிறார். "அதெல்லாம் எனக்கு என்னப்பா தெரியும், நீயே ஒண்ணு போடு" என்று பதில் வருகிறது. அவர் தம்முடைய விலாசத்தையே போட்டுவிடுகிறார்.

அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கடையைக் காலி செய்துகொண்டு வேறு ஊர் போய்விட்டால்? கூலித் தகராறில் பேச்சு நின்றுவிட்டால்? வியாபாரியின் பெயரில் வரும் நோட்டீஸ் யாரோ ஒருவருடைய பெட்டியில் கிடக்கும். பதில் சொல்ல வேண்டிய தேதி கடந்துவிடும். அபராதம் மட்டும் வீடு தேடி வரும்.

இது கற்பனைப் பயம் அல்ல. ஜி.எஸ்.டி. வந்து ஓராண்டு ஆனபோது, 2018-ல், மத்திய அரசே இதைப் பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டி வந்தது. பதிவு செய்து கொடுத்த இடைத்தரகர்கள் தங்கள் எண்ணையும் இ-மெயிலையும் போட்டுவிட்டார்கள். இப்போது விவரம் தர மறுக்கிறார்கள் என்று வியாபாரிகள் புகார் செய்திருந்தார்கள்.

போனுக்குப் பஞ்சம் இல்லை

வேடிக்கை என்னவென்றால், இதெல்லாம் நடப்பது போன் செய்கிற மாவட்டத்தில்!

உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் வழியாக வடக்கே போனால் சுங்குவார்சத்திரம். அங்கே பாக்ஸ்கான் கம்பெனி ஐபோன்களைப் பூட்டிச் சேர்க்கிறது. 2019-ல் ஐபோன் எக்ஸ்.ஆர். என்ற ரகத்தில் தொடங்கிய வேலை அது. அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் தங்குவதற்காக வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். கிராமத்துப் பெண்கள் கையால் செய்த போன் கடல் கடந்து போகிறது.

அதற்கும் முன்னால் ஸ்ரீபெரும்புதூரில் கொடி கட்டிப் பறந்தது நோக்கியா. 2006-ல் தொழிற்சாலை தொடங்கியது. ஒரு காலத்தில் நோக்கியா இல்லாத சட்டைப் பை இல்லை. 2014 நவம்பரில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பொத்தான் போன் போய்த் தொடுதிரை போன் வந்ததும், கம்பெனி கை மாறியதும், வரி வழக்கும் சேர்ந்து அந்தக் கதையை முடித்தன.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. இன்டர்நெட் விலை சரிந்தது. பாங்கிக்குப் போகாமல் பணம் அனுப்பும் யு.பி.ஐ.யும் அதே ஆண்டில் வந்தது. இன்று இளநீர் வண்டியில்கூட கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது.

போன் மாறும். போன் செய்கிற கம்பெனியும் மாறும். வியாபாரத்தின் விலாசமும் போனோடு சேர்ந்து மாறிக்கொண்டிருந்தால், பழைய வாடிக்கைக்காரர் எங்கே போய்த் தேடுவார்?

பெயர் வேறு, பெட்டி வேறு

இ-மெயில் விலாசத்தின் நடுவே ஒரு சுழிக் குறி இருக்கும். அதை 'அட்' என்று சொல்கிறார்கள். 1971-ல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் அதை விலாசத்தில் கொண்டுவந்து வைத்தார். சுழிக்கு முன்னால் ஆளின் பெயர். சுழிக்குப் பின்னால் வீட்டின் பெயர்.

இலவச இ-மெயிலில் சுழிக்குப் பின்னால் இருப்பது ஜிமெயில் போன்ற கம்பெனியின் பெயர். அதாவது நீங்கள் அவர்கள் வீட்டில் குடியிருக்கிறீர்கள். வாடகை இல்லை, ஆனால் வீடு உங்களுடையது அல்ல.

தொழிலுக்கு என்று தனி ஏற்பாடு ஒன்று இருக்கிறது. முதலில் உங்கள் கடைப் பெயரை '.இன்' அல்லது '.காம்' என்று முடியும்படி பதிவு செய்து வாங்க வேண்டும். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் முதல் ஆகும். தமிழ் எழுத்திலேயே '.இந்தியா' என்று முடியும் பெயரும் உண்டு. பிறகு, அந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை வாங்கிப் பாதுகாக்க ஒரு கம்பெனியை அமர்த்திக்கொள்ள வேண்டும். ஒரு பெட்டிக்கு மாதம் நூறு ரூபாய்க்கும் குறைவாகத் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெயர் வேறு, பெட்டி வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பெயருக்கு என்று ஓர் ஏடு உண்டு. 'இந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை இன்ன கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்' என்று அதில் ஒரு குறிப்பு எழுதியிருக்கும். கம்பெனி பிடிக்கவில்லையா? குறிப்பை மாற்றி எழுதி, பழைய கடிதங்களைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோகலாம். விலாசம் மாறாது.

மத்திய அரசே இப்படித்தான் செய்தது. அரசு ஊழியர்களின் இ-மெயிலை நெடுங்காலம் அரசின் தேசிய தகவல் மையமே நடத்தி வந்தது. 2023-ல் ஜோஹோ கம்பெனியுடன் ஏழு ஆண்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. சுமார் 12 லட்சம் ஊழியர்களின் பெட்டிகள் ஜோஹோவுக்கு மாற்றப்பட்டன என்று 2025 அக்டோபரில் செய்தி வந்தது. ஆனால் ஊழியர்களின் விலாசம் மாறவில்லை. முன்பு இருந்த அரசுப் பெயரிலேயே கடிதம் வருகிறது. ஏன்? பெயர் அரசின் கையில் இருக்கிறது.

அந்த ஜோஹோவும் தூரத்துக் கம்பெனி அல்ல. தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீதர் வேம்பு, வேறு சிலருடன் சேர்ந்து 1996-ல் தொடங்கியது. அப்போது அதற்கு அட்வென்ட்நெட் என்று பெயர். 2008-ல் இ-மெயில் தொழிலில் இறங்கியது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை கிராமத்தில் ஆபீசு வைத்துப் பேர் வாங்கியது. அதன் பெரிய வளாகம் இருக்கும் கூடுவாஞ்சேரிப் பகுதி, 2019 நவம்பரில் செங்கற்பட்டு மாவட்டம் பிரியும் வரை, உத்திரமேரூரோடு ஒரே மாவட்டம்தான்!

நடுவில் நிற்பவர்

கூகுள், மைக்ரோசாப்ட், ஜோஹோ ஆகிய மூன்றுமே இந்தச் சேவையை நேரிலும் விற்கின்றன. ஏஜெண்டுகள் மூலமும் விற்கின்றன. ஏஜெண்டுக்குக் கமிஷன் உண்டு. அதில் தவறு ஒன்றும் இல்லை. எதை எங்கே தட்டுவது என்று தமிழில் சொல்லிக் கொடுக்கவும், பெட்டி திறக்காதபோது ஓடி வரவும் உள்ளூர் ஆள் வேண்டும். காஞ்சிபுரத்திலோ செங்கற்பட்டிலோ படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கு இது நல்ல பிழைப்பு. அதற்கு ஊரார் கூலி கொடுக்கத் தயங்கக்கூடாது.

ஆனால் கடைப் பெயரை ஏஜெண்டு தம் பெயரில் பதிவு செய்து வைத்துக்கொண்டால் அது சேவை அல்ல, பிடி! பின்னால் ஏஜெண்டை மாற்ற நினைத்தால் பெயர் வராது. பெயர் இல்லாவிட்டால் பெட்டி இல்லை. பத்து வருஷக் கடிதமும் வாடிக்கையும் அவர் கையில். ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: பெயர் யார் பேரில் பதிவாகிறது? மேல்நிலைப் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும்? ரசீது எந்தப் பெயரில் வரும்? முகம் சுளிக்கிற ஏஜெண்டு வேண்டாம்.

உத்திரமேரூர்க்காரருக்கு இந்தக் கேள்வி புதிதா? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தலுக்கு முன் வெறுங்குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒன்றும் அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய உறவினரும் நிற்க முடியாது. ஊர்க் காரியம் பார்க்கிறவர் கையை விரித்துக் காட்ட வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர், பாஸ்வேர்டை மட்டும் கேட்கக் கூச்சப்படுவானேன்?

யாருக்கு அவசியம்?

பெட்டிக் கடைக்கு இவ்வளவு தேவை இல்லை. பூக்காரம்மாவுக்கும் தேவை இல்லை. அவர்களுக்கு இலவசப் பெட்டி போதும். ஆனால் அதன் பாஸ்வேர்டு அவர்கள் வீட்டு நோட்டில் இருக்க வேண்டும். போன் கடையில் அல்ல.

வெளியூருக்குச் சரக்கு அனுப்புகிற மில், பட்டுச் சேலை நெய்து வெளி மாநிலத்துக்கு விற்கிற தறிக்காரர் ஆகியோர் சொந்தப் பெயர் வைத்துக்கொள்வது நல்லது. இதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 'எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தைப் புதிய கணக்கில் போடவும்' என்று விற்றவர் பெயரில் பொய்க் கடிதம் எழுதிப் பணம் பறிப்பது உலகம் எங்கும் நடக்கிறது. பெயரின் ஏட்டில் முத்திரைக் குறிப்புகளைச் சரியாக எழுதி வைத்தால், அதே பெயரில் வேறொருவர் அனுப்பும் பொய்க் கடிதத்தை வாங்குகிற கம்பெனி கண்டுபிடித்துவிடும். 2024 பிப்ரவரி முதல், பெருமளவில் கடிதம் அனுப்புகிறவர்களுக்கு இந்த முத்திரை கட்டாயம் என்று கூகுளும் யாகூவும் சொல்லிவிட்டன. ஆனால் ஒரு எழுத்தை மட்டும் மாற்றிய போலிப் பெயரை முத்திரை தடுக்காது. கணக்கு மாறியது என்று கடிதம் வந்தால் போன் போட்டுக் கேட்பதுதான் வழி.

இலவசம் நிலைக்கும் என்று நம்புவதற்கும் இல்லை. சொந்தப் பெயரில் கூகுள் 2006 முதல் இலவசமாகக் கொடுத்து வந்த பெட்டிகளுக்கு இனிப் பணம் கட்ட வேண்டும் என்று 2022-ல் அறிவித்தது. வீட்டு உபயோகத்துக்கு மட்டும் பிறகு விலக்குத் தந்தது. வியாபாரிகள் பணம் கட்டினார்கள் அல்லது வேறு இடம் பார்த்தார்கள்.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் வியாபாரிகள் சங்கங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். உறுப்பினர்கள் ஒவ்வொருவருடைய வரிப் பதிவிலும் யாருடைய விலாசம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல அரை நாள் போதும்.

வேறொருவர் விலாசம் இருந்தால் பயப்பட வேண்டாம். 2018 அறிவிப்பிலேயே வழி இருக்கிறது. உங்கள் பதிவு எந்த வரி அலுவலகத்தின் கீழ் வருகிறதோ, அந்த அதிகாரியிடம் தொழிலின் ஆதாரப் பத்திரங்களோடு போக வேண்டும். அவர் சரிபார்த்து, நீங்கள் சொல்லும் புதிய எண்ணையும் இ-மெயிலையும் பதிவார். தற்காலிகப் பாஸ்வேர்டு ஒன்று அந்தப் புதிய இ-மெயிலுக்கு வரும். அதைத் திறந்து, உங்கள் கையாலேயே வேறு பாஸ்வேர்டு போட்டுக்கொள்ளலாம். தட்டத் தெரியாவிட்டால் மகளையோ மருமகளையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.