அறிக்கை இல்லாத ஸ்கேனுக்குக் கட்டணம் எதற்கு?

மாண்புமிகு சுகாதார அமைச்சர் டத்தோஸ்ரீ டாக்டர் சுல்கிப்ளி அமாட் அவர்களுக்கு,

கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கத்து உறவினர்கள் ஆஸ்பத்திரி பில் என்றால் என்னிடம்தான் நீட்டுவார்கள். அண்மையில் வந்தது ஒரு தனியார் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு பில். பஞ்சு, சிரிஞ்சு, கையுறை எல்லாம் சென் வரை தனித்தனியாக இருந்தன. நடுவே "படுக்கையோர அல்ட்ராசவுண்ட்" என்று நான்கு வரிகள். தலையா, இதயமா, வயிறா? பார்த்த டாக்டர் யார்? ஒன்றும் இல்லை. கவுண்டரில் கேட்டதற்கு, "டாக்டர் எழுதினதுதான்" என்றார்கள்.

அந்த ஸ்கேன்கள் வீண் செலவு என்று நான் சொல்ல வரவில்லை. குறைமாதப் பிள்ளைக்கு மூளைக்குள் இரத்தம் கசிந்தால், பெரும்பாலும் முதல் மூன்று நாள்களில்தான் கசியும். உச்சிக்குழி மூடாமல் இருப்பது அப்போது வசதி. இன்குபேட்டரின் பக்கத்துத் துளைவழி கையை விட்டு, கொஞ்சம் ஜெல் தடவி, சிறிய கருவியை அங்கே வைத்தால் மூளை திரையில் தெரிந்துவிடும். கதிர்வீச்சு கிடையாது, பிள்ளையை அசைக்கவும் வேண்டாம். கசிவு கூடியிருக்கிறதா என்று திரும்பவும் பார்த்தே ஆகவேண்டும். ஆக, நான்கு ஸ்கேன் நியாயமாகவே இருக்கலாம். அது நியாயமா என்று தெரிந்துகொள்ளத்தான் பில்லில் வழியில்லை.

2006ஆம் ஆண்டு தனியார் மருத்துவமனை விதிமுறைகளின் 13ஆவது அட்டவணை டாக்டர் கட்டணத்துக்கு வரம்பு கட்டியது. கருவி, பொருள் என்று மருத்துவமனை வாங்கும் தொகைக்கு அந்த வரம்பு இல்லை. இரண்டையும் ஒரே வரியில் கலந்துவிட்டால் அட்டவணை இருந்தும் என்ன பயன்? அமெரிக்க மருத்துவச் செலவை யாரும் விரும்பமாட்டார்கள். ஆனாலும் அங்கே பிள்ளையின் தலை ஸ்கேனுக்கு 76506 என்று தனிக் குறியீடு உண்டு. படத்தைச் சேமித்து, அறிக்கையும் எழுதி வைத்தால்தான் பணம் கேட்கலாம்.

இப்போது தனியார் மருத்துவமனைகளுக்கும் டிஆர்ஜி முறை, அதாவது நோய்வகைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை, வரப்போவதாக உங்கள் அமைச்சு சொல்கிறது. நல்லது. ஆனால் மொத்தத் தொகை வந்தபின் ஒவ்வொரு கூடுதல் ஸ்கேனும் மருத்துவமனைக்குக் கைநட்டம். தேவையானதைத் தவிர்க்கும் ஆசை அங்கேதான் பிறக்கும். எனவே பச்சிளங்குழந்தைகளைப் பிறப்பு எடைப்படி வகை பிரியுங்கள். தொகை ஒன்றாக இருந்தாலும் ஸ்கேன் தனியே பதிவாகட்டும்.

மருந்துக்கு விலை எழுதி வைக்கும் உத்தரவு 2025 மே 1 முதல் வந்ததில் உங்கள் அமைச்சுக்கும் பங்கு உண்டு. டிஆர்ஜி வரும்வரை காத்திராமல் ஸ்கேன் பில்லுக்கும் ஒரு சுற்றறிக்கை விடுங்கள். எந்த உறுப்பு, எந்த நாள், எந்த டாக்டர், அவருக்கு எவ்வளவு, கருவிக்கு எவ்வளவு என்பதெல்லாம் பில்லில் இருக்கவேண்டும். அறிக்கை எழுதாத ஸ்கேனுக்குக் கட்டணம் கூடாது. அந்த அறிக்கையின் நகலையும் பெற்றோர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கையில் காசு தீர்ந்து, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்போது அங்குள்ள டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.