லாச்சிக்குள் ஒரு கமெரா

யட்டியாந்தோட்டையில் கடை நடத்தும் நான், அண்மையில் சட்டைப்பையில் அடங்கும் சிறிய டிஜிட்டல் கமெரா ஒன்றை வாங்கினேன். "கையில்தான் போன் இருக்கிறதே, இது எதற்கு முதலாளி?" என்று கடைப்பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் போன் என்னோடு வெளியே போய்விடும். கமெரா கடை லாச்சியிலேயே இருக்கும். லொறியில் வரும் சாமானை இறக்கும்போதே படம் எடுத்துவிடும்படி அவனிடம் சொல்லிவைத்தேன்.

மூன்றாம் வாரமே பலன் கிடைத்தது. கொழும்பிலிருந்து வந்த பெட்டிகள் சில நனைந்திருந்தன. அனுப்பியவர் முதலில் ஏற்கவில்லை. திகதியுடன் கூடிய படத்தைக் காட்டியதும் மாற்றித் தந்தார். பணமும் தப்பியது, உறவும் தப்பியது.

குறைகளும் உண்டு. மங்கலான வெளிச்சத்தில் கை அசைந்தால் படம் கலங்கும். பிளாஷ் போட்டால் கண்ணாடி அலுமாரி பளிச்சிடும். மேசையில் ஊன்றி எடுத்தால் சரி. திகதியை முதலில் ஒழுங்காக அமைக்க வேண்டும். பிழைத்தால் நமது சாட்சியே நமக்கு எதிராகிவிடும்.

முதல் டிஜிட்டல் கமெராவை 1975இல் செய்தவர் கொடக் நிறுவனப் பொறியியலாளர் ஸ்டீவன் சாஸன். ஒரு படத்தை நாடாவில் பதிய 23 வினாடிகள் பிடித்தன. ஆனால் பிலிம் வருமானத்தை விட மனமில்லாத கொடக், தாமதித்தே மாறியது. 2012இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. புதிய கருவி கையில் இருந்தால் மட்டும் போதாது. அதைத் தொழிலில் இறக்க வேண்டும்.

வியாபார அன்பர்களே, கணக்குக் கொப்பிக்குப் பக்கத்தில் ஒரு படமும் இருக்கட்டும்.