பூட்டும் வாடகையும்

ஐக்கிய அமெரிக்காவில் இணையவழித் தொலைக்காட்சி மலிவானது என்னும் பெயரோடு வந்தது. நெற்பிளிக்ஸ் நிறுவனம் 2011 ஆம் ஆண்டில் மாதம் 7.99 டொலர் பெற்றது. விளம்பரமற்ற சாதாரணத் திட்டத்தின் கட்டணத்தை 2025 சனவரியில் 17.99 டொலராக உயர்த்தியது. கடவுச்சொல்லை வேறு வீட்டாருடன் பகிர்ந்து கொள்வதற்கும் 2023 முதல் மேலதிகக் கட்டணம் கேட்டது. இந்நிலையிற் சிலருடைய மனம் களவிற் செல்வது வியப்பன்று. களவை நாம் ஆதரிக்கின்றோமில்லை.

ஆயினும், களவைத் தடுப்பதற்கென இட்ட பூட்டு யாரை வருத்துகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். கூகிள் நிறுவனத்தின் ‘வைட்வைன்’ என்னும் பூட்டிற் பல படிகள் உண்டு. உயர்ந்த படியில், மறைகுறியை நீக்கும் வேலை கருவியினுள்ளே காப்பிடப்பட்ட ஒரு பகுதியிலேயே நடைபெறும். அவ்வசதியில்லாத பழைய கருவியை உடையவர், முழுக் கட்டணத்தையுஞ் செலுத்தியிருந்தும், பெரும்பாலும் மங்கலான படத்தையே காண்பர். களவுப் பிரதியைப் பெற்றவருக்கோ அத்தொல்லை இல்லை! பூட்டை ஒருவர் உடைத்தாற் போதும். ஏனையோர் பிரதிசெய்து கொள்வர்.

இதனினும் பெரிய குறை ஒன்றுளது. டிஸ்னி நிறுவனம் 2022 இல் வெளியிட்ட ‘வில்லோ’ தொடரை 2023 மே மாதத்தில் தன் தளத்திலிருந்து நீக்கிவிட்டது. அதுவரையில் அஃது இறுவட்டாக வெளிவந்ததுமில்லை. அச்சிற் கிடையாத நூலும் நூல்நிலையத்துத் தட்டில் இருக்கும். இத்தகைய தொடரை எந்நூல்நிலையம் வாங்கி வைத்திருக்க முடியும்? வாடகையை உயர்த்துவோர் உயர்த்துக. விலைகொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளத்தக்க ஒரு பிரதியையும் உடன் விற்றல் வேண்டும் என்பதே எமது கருத்து.